நாற்பத்தெட்டு முட்டை, ஒன்பது குஞ்சு: தப்பு மிஷினிலா?

மியான்மரில் பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவை இங்கே இல்லை. கடிதத்தின் சாரம் இது.

வீட்டில் பத்து நாட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. யாங்கோனில் 48 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்றை வாங்கி, ஜூன் மாதம் முதல் முறையாக முட்டை வைத்தார். வீட்டுக் கோழிகளின் முட்டை 30. இடம் காலியாக இருக்கக் கூடாதென்று சந்தையில் வாங்கிய பழுப்பு முட்டை 18. வீட்டு முட்டைகளைச் சேர்க்கப் பன்னிரண்டு நாள் ஆனது; கெட்டுவிடுமோ என்று பாதியை ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். மிஷினின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளையும் முதல் நாளிலிருந்தே நிரப்பி வைத்தார். சூடு வெளியேறாமலிருக்க மேல்மூடியின் காற்றுத் துவாரத்தை அடைத்தார். தினமும் மூன்று, நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று மாமியார் சொன்னதால் உள்ளே ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் வைத்தார்.

முதல் குஞ்சு வந்தது 23ஆம் நாள். மொத்தம் ஒன்பது. ஓட்டில் கொத்தியபின் வெளியே வராத மூன்றில் இரண்டை இவரே உரித்தெடுத்தார். இரத்தம் வந்து செத்துப்போயின. மூன்றாவது ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது. மீதியை உடைத்துப் பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார்: சந்தை முட்டை பதினெட்டிலும் கரு இல்லை, வீட்டு முட்டையில் நான்கில் கரு இல்லை, மூன்றில் இரத்த வளையம், பதினொன்றில் முழுதாக வளர்ந்த குஞ்சு, சுற்றிலும் கொழகொழவென்று தண்ணீர்.

கேள்விகள் நான்கு. மிஷின் பழுதா, கடையில் திருப்பித் தரலாமா? மழை முடியும்வரை காத்திருக்க வேண்டுமா? மிஷின் குஞ்சு வளர்ந்தால் அடை உட்காராது என்று மாமியார் சொல்வது உண்மையா? அடுத்த ஈடு நன்றாக வந்தால் அக்கம்பக்கத்தில் குஞ்சு விற்கலாமா?

அன்புச் சகோதரி,

பொரியாத முட்டையைக் குப்பையில் கொட்டாமல் உடைத்துப் பார்த்து எண்ணி எழுதினீர்களே, அதுதான் இந்தக் கடிதத்தில் விலைமதிப்புள்ள பகுதி. பலர் இதைச் செய்வதில்லை. நாற்றத்துக்குப் பயந்து குழிதோண்டிப் புதைத்துவிட்டு மிஷினைத் திட்டுவார்கள்.

முதலில் கணக்கைத் திருத்திக்கொள்வோம். நாற்பத்தெட்டில் ஒன்பது என்று மனம் உடைய வேண்டாம். சந்தைப் பழுப்பு முட்டை பண்ணையில் கூண்டுக்கோழி இட்டது. அங்கே சேவலே கிடையாது. 21 நாள் வைத்தாலும் 210 நாள் வைத்தாலும் அதில் குஞ்சு இல்லை. ஆக உங்கள் கணக்கு முப்பதிலிருந்து தொடங்குகிறது. முப்பதில் 26 முட்டைகளில் கரு கூடியிருக்கிறது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும் என்பதற்கு இதுவே சாட்சி. வீட்டுக்காரர் சேவலை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

அந்த 26இல் மூன்றுதான் இளங்கருவிலேயே போனவை. இரத்த வளையம் என்பது முதல் சில நாட்களில் கரு செத்ததன் அடையாளம். பன்னிரண்டு நாள் சேர்த்து வைத்ததும் ஃபிரிட்ஜும் இதற்குப் பெரும்பாலும் காரணம். மீதி 23 குஞ்சுகள் கடைசிவரை வளர்ந்திருக்கின்றன. சூடு மோசமாகக் கெட்டிருந்தால் 23 கருக்கள் முழுக் குஞ்சாகியிருக்காது. வளர்ந்த குஞ்சு ஓட்டை உடைக்கும் கட்டத்தில்தான் பதினான்கு போயின. ஆகவே தேட வேண்டியது அந்தக் கடைசிக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதை.

இன்னொன்று, நாள் எண்ணிக்கை. முட்டை வைத்த அன்றையே முதல் நாள் என்று எண்ணியிருக்கிறீர்கள். வைத்த நாள் பூஜ்யம். 24 மணி நேரம் முடிந்த பிறகே ஒன்று. சனிக்கிழமை மாலை வைத்தால் மூன்று வாரம் கழித்து அதே சனிக்கிழமை மாலைதான் 21 நாள் நிறைகிறது. உங்கள் 23ஆம் நாள் உண்மையில் 22. ஒரு நாள் தாமதம். தினமும் சில மணி நேரம் கரண்ட் போன மிஷினில் அது ஆச்சரியமில்லை.

தண்ணீர்: இங்கேதான் கோளாறு

முட்டை அடையில் இருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரத்தை இழந்துகொண்டே இருக்க வேண்டும். இழந்த ஈரத்தின் இடத்தில் முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் குஞ்சு அலகால் அந்தக் காற்றறையின் தோலைக் குத்தி, அங்கிருக்கும் காற்றைத்தான் முதலில் இழுக்கிறது. ஈரம் வெளியேறாவிட்டால் காற்றறை சிறியதாகவே நிற்கும், குஞ்சைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், குஞ்சும் ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் கிடக்கும். முதல் மூச்சு இழுக்கும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். நீங்கள் பதினொரு முட்டைகளில் பார்த்தது இதுவே. பிழைத்த ஒன்பதும் தொப்பை பெருத்து மெத்தென்று இருந்தன என்று எழுதியிருப்பதும் இதோடு பொருந்துகிறது.

"தொட்டியில் தண்ணீர் வற்றக் கூடாது" என்று கடைக்காரர் சொன்னது எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தும் பேச்சில்லை. பெகுவில் ஜூன் மாதக் காற்று 27 டிகிரி சூட்டில் 90 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று மிஷினுக்குள் போய் 37.7 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். முதல் 18 நாளுக்கு முட்டைக்கு வேண்டியதே 45 முதல் 55 வரைதான். அதாவது மழை மாதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே அளவு சரியாக இருக்கிறது! நீங்கள் இரண்டு தொட்டியையும் நிரப்பி, காற்றுத் துவாரத்தையும் அடைத்தீர்கள். உள்ளே இன்னொரு மழைக்காலம்.

குளிர் மாதங்களில் கதை வேறு. ஜனவரியில் 25 டிகிரியில் 65 சதவீதம் உள்ள காற்று, மிஷினுக்குள் 32 சதவீதத்துக்கு வறண்டுவிடும். அப்போது ஒரு தொட்டித் தண்ணீர் அவசியம். ஏப்ரலில், திஞ்சான் புத்தாண்டுச் சமயத்து உச்சி வெயிலில், 36 டிகிரியில் 45 சதவீதம் என்றால், உள்ளே 40 சொச்சம். தொட்டியில் பாதி போதும்.

கடைசி மூன்று நாள் எந்த மாதமானாலும் 65 முதல் 70 சதவீதம் வேண்டும். ஓட்டின் உள்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளாமலிருக்க. 18 நாள் நிறைந்ததும் உருட்டும் தட்டை எடுத்துவிட்டு, குஞ்சின் கால் வழுக்காதபடி சொரசொரப்பான வலைத்துணி விரித்து, தொட்டி இரண்டையும் நிரப்புங்கள். காற்றுத் துவாரம் அப்போதும் திறந்தே இருக்கட்டும். குஞ்சுக்கு ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம் அதுதான்.

தராசு பொய் சொல்லாது

மிஷின் முகப்பில் தெரியும் ஈரப்பத எண்ணை நம்பி உட்கார வேண்டாம். சோதிக்க விரும்பினால், ஈரப்பதமானியைச் சற்றே நனைத்த உப்புக் கிண்ணத்தோடு காற்றுப் புகாத பையில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்டினால் சரி, 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அதைவிட நல்ல அளவுகோல் முட்டையின் எடைதான்.

18 நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் இழக்க வேண்டும். ஒரு கிராம்வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு வேண்டும். சந்தையில் வீசைக் கணக்கில் நிறுக்கும் தராசு உதவாது. சுமார் 1.63 கிலோ கொண்ட நம் வீசையில் நூறில் ஒரு பங்கே 16 கிராமுக்கு மேல். வைக்கும் நாளன்று ஒவ்வொரு முட்டையின் எடையையும் அதன் ஓட்டிலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். மை வேண்டாம். 40 கிராம் நாட்டு முட்டை 30 என்றால் தொடக்கம் 1,200 கிராம், நாளொன்றுக்கு 8 கிராம் குறைய வேண்டும். ஏழாம் நாள் 1,144, பதினான்காம் நாள் 1,088, பதினெட்டாம் நாள் 1,056. இடையில் கூமுட்டையை எடுத்துவிட்டால் அதன் ஓட்டில் எழுதிய எடையைத் தொடக்கக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எடை போதிய அளவு குறையவில்லையென்றால் தண்ணீரை எடுத்துவிட்டுத் துவாரத்தை முழுதாகத் திறக்க வேண்டும். வேகமாகக் குறைந்தால் ஒரு தொட்டியில் தண்ணீர் விட வேண்டும். ஏழாம் நாளே தவறு தெரிந்துவிடுவதால் திருத்திக்கொள்ளப் பதினோரு நாள் கையில் இருக்கிறது.

நிறுக்கும் அதே நாட்களில் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஏழாம் நாள் சிலந்திவலைபோல் இரத்த நாளம் பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. தெளிவாக ஒளி விட்டால் கருவில்லை. நாற்றம் வரும் முட்டை, ஓட்டில் ஈரம் கசியும் முட்டை இரண்டையும் உடனே எடுங்கள். மிஷினுக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளுக்கும் கிருமி போகும்.

மிஷினைத் திருப்பித் தருவதற்கு முன்

சூட்டைச் சோதியுங்கள். காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் இதற்கு மிக வசதி, ஏனென்றால் ஏறிய உச்சத்திலேயே நிற்கும். நன்றாக உதறி, முட்டையின் மேல்மட்ட உயரத்தில் படுக்கவைத்து, மூடி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவிலும் நான்கு மூலையிலும் தனித்தனியாக. விசிறி உள்ள உங்கள் மிஷினில் 99.5 முதல் 100 ஃபாரன்ஹீட், அதாவது 37.5 முதல் 37.8 செல்சியஸ், இருக்க வேண்டும். விசிறி இல்லாத மிஷினுக்குச் சொல்லும் 38.5ஐ இதில் வைத்துவிடாதீர்கள். மூலைக்கு மூலை அரை டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நிறுக்கும் நாட்களில் முட்டைகளை இடம் மாற்றி வையுங்கள். முகப்பு எண்ணும் தெர்மாமீட்டரும் ஒரே அளவில் வித்தியாசப்பட்டால் அது பழுதல்ல, செட்டிங்கில் சரிசெய்யலாம்.

சூடு நிலையாக நிற்காமல் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி ஏறி இறங்கினால் மட்டுமே மிஷின் மேல் புகார் நியாயம். அப்போது நேரமும் அளவும் எழுதிய தாளோடு, ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, முறையிட வழி உண்டு. ஆனால் "குஞ்சு வரவில்லை" என்பது மட்டும் எந்த மேசையிலும் செல்லுபடியாகாது. இப்போதைய நிலையில் உங்கள் கடிதத்தில் மிஷினுக்கு எதிராக ஆதாரம் எதுவும் இல்லை.

கரண்ட் போகும்போது

இடியைப் பற்றி அத்தை சொன்னது பாதி சரி. இடியோசையால் கரு சாவதில்லை, கரித்துண்டும் ஆணியும் அதைத் தடுப்பதும் இல்லை. உருட்டும் தட்டில் மாட்டிக்கொள்ளாமல் எடுத்து வைத்துவிடுங்கள். இடியோடு கரண்ட் போகிறதே, அதுதான் முட்டையைத் தொடுகிறது.

கருவுக்குக் குளிரைவிடச் சூடே பெரிய எமன். சில மணி நேரம் 30 டிகிரிக்கு இறங்கினால் வளர்ச்சி தாமதப்படும், பெரும்பாலான கரு பிழைத்துக்கொள்ளும். 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் போனால் பிழைப்பது கடினம். ஆகவே கரண்ட் வந்ததும் "இழந்த சூட்டை ஈடுகட்ட" செட்டிங்கை ஏற்றாதீர்கள். ஒரு மணி, ஒன்றரை மணி நேர வெட்டுக்கு மூடியைத் திறக்காமல் மேலே தடித்த போர்வை போடுவதே போதும், துவாரத்தை மட்டும் மூடாமல். அதற்கு மேல் நீண்டால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணி சுற்றி முட்டைகளுக்குப் பக்கத்தில், முட்டையில் படாமல் வையுங்கள். கடைசி வாரத்தில் குஞ்சுகளுக்குச் சொந்தச் சூடு உண்டு, விசிறியும் நின்றிருக்கும். எனவே அப்போது போர்வையை இறுக்கிச் சுற்றக் கூடாது, மூச்சு முட்டும்.

மிஷின் பின்னால் பேட்டரிக்கென்று சிவப்பு, கறுப்பு முனைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்துங்கள். 80 வாட் மிஷின் ஒருமுறை சூடேறியபின் பாதி நேரமே ஹீட்டரை ஓட்டும், சராசரி 40 வாட். 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 480 வாட்-மணி. ஈயப் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது என்பதால் 240. ஆறு மணி நேரம் ஓடும். மறுபடி கரண்ட் வரும்போது வோல்டேஜ் துள்ளும். ஐந்து நிமிடம் பொறுத்து மாற்றுங்கள், இல்லையென்றால் போர்டு போய்விடும்.

பேட்டரி வாங்க இப்போது கை வராது என்றால் இன்னொரு வழி உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது. பத்துப் பெட்டையில் ஒன்றிரண்டு அடைக்கு உட்காரும் நேரம் பார்த்து மிஷினில் முட்டை வையுங்கள். அடைக்கோழியைச் சில கூமுட்டை மேல் உட்கார வைத்து, 18ஆம் நாள் இரவு அவற்றை எடுத்துவிட்டு மிஷினிலிருந்து பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடியில் தள்ளிவிடலாம். ஈரமும் சூடும் அதன் கவலை. மழைக்காலத்தில், பேட்டரி இல்லாத வீட்டுக்கு, என் கணிப்பில் இதுவே நல்ல ஏற்பாடு.

அடுத்த ஈட்டுக்கு முட்டை

மழை முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றாமல் வைக்கத் தெரிந்துவிட்டால் மழைக்காலமும் நல்ல காலமே. முட்டை சேர்ப்பதுதான் கவனம். அடைமுட்டைக்கு ஏற்ற குளிர்ச்சி 15 முதல் 18 டிகிரி. ஃபிரிட்ஜின் 4 டிகிரி அதிகக் குளிர், அடுப்படியின் 30 டிகிரியில் கரு அரைகுறையாக விழித்துக்கொள்ளும். ஈரமணலில் மண்சட்டி வைக்கும் வழக்கம் வெயில் காலத்தில் குளிர்ச்சி தரும், மழைக்காற்றில் அவ்வளவாகத் தராது. எனவே நான்கு நாள் முட்டையை மட்டும் சேருங்கள், கூர்முனை கீழே இருக்கும்படி. இருபது கிடைத்தால் இருபதே வையுங்கள். மிஷினில் காலி இடம் இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. எச்சம் ஒட்டிய முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே நுழையும். அழுக்கு முட்டை குழம்புக்குப் போகட்டும்.

ஓட்டில் கொத்திய குஞ்சு முழுதாக வெளியே வர 24 மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளும். சும்மா கிடப்பதுபோல் தெரியும் அந்த நேரத்தில் அது மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டும், ஓட்டுத்தோலில் உள்ள இரத்தத்தை உடம்புக்குள் வாங்கிக்கொண்டும் இருக்கிறது. நீங்கள் உரித்தபோது வந்த இரத்தம் அது. இரக்கத்தால் செய்தீர்கள், ஆனால் அந்த நேரத்தில் மூடியைத் திறப்பதே மற்ற முட்டைகளின் தோலைக் காயவைக்கும். பொரித்த குஞ்சுகள் உள்ளேயே காய்ந்து பஞ்சாகட்டும். வயிற்றிலுள்ள மஞ்சள் கருவில் இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும்.

அத்தையின் பேச்சும், அக்கம்பக்க விற்பனையும்

அடை உட்காரும் குணம் பிறப்பில் வருவது. மிஷினில் பொரித்தாலும் நாட்டுக்கோழிப் பெட்டை அடை உட்காரும். கோழிக்கு அடியில் பொரித்தாலும் பண்ணை முட்டைக்கோழி பெரும்பாலும் உட்காராது. அந்தக் குணம் இல்லாமல் பொறுக்கி வளர்த்த இனம் அது.

விற்பதற்கு அவசரப்பட வேண்டாம். ஒரு நாள் குஞ்சை விற்றால் வாங்கியவர் வீட்டில் சாவதெல்லாம் உங்கள் பெயரில் விழும். முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து, உலர்ந்த உமி விரித்த பெட்டியில் மூன்று நான்கு வாரம் வளர்த்துக் கொடுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து போடாமல் ஒன்றைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். வெப்பம் தாங்கும் ஐ-2 வகைத் தடுப்பு மருந்து நாட்டுக்கோழிக்கு ஏற்றது. உங்கள் வட்டாரக் கால்நடை மருத்துவ அலுவலகத்தில் எது இருக்கிறது, எத்தனை நாளில் மறுமுறை என்று கேட்டுத் தேதியை எழுதி வையுங்கள்.

வெளியாரின் முட்டையை உங்கள் மிஷினில் வைத்துத் தரச் சொல்லி இனி ஆள் வரும். அங்கே கண்டிப்பாக இருங்கள். புல்லோரம் என்னும் வேறொரு கழிச்சல் நோயின் கிருமி தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வரும். ஒரு வீட்டு முட்டை போதும், மிஷின் முழுக்கப் பரவும். 2006இல் மண்டலேயில் பறவைக் காய்ச்சல் வந்ததை ஊர் மறந்திருக்கலாம், கோழி வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாது. திடீரென்று கோழிகள் கூட்டமாகச் செத்த தெருவிலிருந்து முட்டையோ கூடையோ எதுவும் உங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் மிஷினைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிளீச்சிங் கரைசல் தடவி, ஒரு நாள் வெயிலிலோ காற்றிலோ உலர்த்திய பிறகே அடுத்த முட்டை. ஹீட்டர், விசிறிப் பகுதியில் மட்டும் தண்ணீர் படக் கூடாது.

அடுத்த முறை எழுதும்போது ஏழாம் நாள், பதினான்காம் நாள் எடைகளையும் சேர்த்து அனுப்புங்கள்.